கழலாத போல்ட்டும் காக்க வேண்டிய துளையும்

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளைத் தேனி மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அந்த வண்டிகளின் வம்சம் இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் நிறுவனம் சுமார் 3,60,000 எம்பி ஜீப்புகளைக் கட்டியது. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு சுமார் 2,78,000 ஜிபிடபிள்யூ ஜீப்புகளைக் கட்டியது. 1947இல் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த உயர்ந்த பானட் கொண்ட சிஜே-3பி, பிறகு இங்கேயே பல பத்தாண்டுகள் உருவானது. இப்படிப்பட்ட ஒரு வண்டியை வாங்கிப் பிரித்து, பழைய உருவுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஸ்பேனரை மாட்டியதும் அவர்கள் எதிரே வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: அசைய மறுக்கும் போல்ட்டை எப்படிக் கழற்றுவது, அது உடைந்து உள்ளேயே நின்றுவிட்டால் என்ன செய்வது?

இதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. ஒருவர் எண்ணெய் என்பார், ஒருவர் நெருப்பு என்பார், இன்னொருவர் வெல்டிங் என்பார். ஒவ்வொருவரும் தன் முறையில் நூறு போல்ட் கழற்றியிருப்பார், ஆகவே யாரையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் இந்த முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். போல்ட் கழன்றதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் எல்லா முறையும் நல்ல முறையாகிவிடும். கழன்ற பிறகு அந்தத் துளை என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். போல்ட் கடையில் கிடைக்கும். எழுபது வருடத்துக்கு முன் வார்த்த இன்ஜின் பிளாக்கும் அதன் மரையும் கிடைக்காது. ஒவ்வொரு முறையையும் துளையின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில், போல்ட்டை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் கூடுகிறது. துருவின் வகையைப் பொறுத்து, மூல இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அதற்குள் ஈரம் புகுந்து துரு வளர்ந்தால், போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் நெருக்குகிறது. பசை போட்டு ஒட்டியதுபோல நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது நெருக்குதல். இதைப் புரிந்துகொண்டால் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீளம் கூட்டும் ஆசை தானே குறையும். நெருக்குதலைத் தளர்த்தாமல் முறுக்கை மட்டும் கூட்டினால் எங்கே போய் முடியும் என்பது தெளிவு.

லேண்ட் ரோவரில் கதை வேறு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டி அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸும் அவரது குழுவும் உடல் தகடுகளுக்கு பிர்மாபிரைட் என்ற அலுமினிய-மக்னீசியக் கலவையை எடுத்துக்கொண்டார்கள். சேஸிஸும் முன்சுவரும் எஃகு. அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அதுவே ஒரு சிறு மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவாகப் படிவது அலுமினியத்தின் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும். அதுவும் பருமனில் பெருகி நெருக்கும். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்கு இன்றும் ஏறிக்கொண்டிருக்கும் பழைய லேண்ட் ரோவர்கள் மலைக்காற்றில் ஓடுபவை. கடலோர ஊரில் நின்ற வண்டியைப் பிரித்தால் அதே தகட்டில் போல்ட் துளைகளைச் சுற்றி அலுமினியமே பொடிந்து போயிருக்கும். அங்கே போல்ட் கழல்வது பிரச்சினையே அல்ல. போல்ட் பிடித்திருக்க உலோகம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

துருவே இல்லாமலும் போல்ட் கழலாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “அண்ணே, இந்தச் சக்கர நட் அசையவே மாட்டேங்குது, குழாய் மாட்டவா?” “இரு தம்பி, அது எந்தப் பக்கச் சக்கரம்?” வில்லிஸ் ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடது மரை. வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரத்தின் சுழற்சியால் நட் தானே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். நட்டிலோ ஸ்டட்டின் முனையிலோ ‘எல்’ என்ற எழுத்து இருக்கும். துருவும் பெயிண்டும் மூடியிருந்தால் தெரியாது. வழக்கமான திசையில் தொங்கித் தொங்கி முறுக்கினால் அது இறுகிக்கொண்டே போய் ஸ்டட் ஒடியும். ஸ்பிரிங் ஷேக்கிள்களிலும் சில இடது மரை. முன்பு வேலை பார்த்தவர் ஸ்டட்டை மாற்றியிருந்தால் ஒரே சக்கரத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கவும் கூடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெளியே தெரியும் இரண்டு மரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

மறைந்திருக்கும் போல்ட்டும் உண்டு. சிஜே-3பியின் ஹரிக்கேன் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டிலும் வெளியேற்றும் வால்வு பிளாக்கிலும் இருக்கும். இன்ஜின் உயரம் கூடியதால்தான் பானட்டும் உயர்ந்தது. இந்த ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்று கார்புரேட்டருக்கு அடியில், காற்று போகும் வழிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிய பிறகு ஹெட் வரவில்லை என்று கடப்பாரை போட்டு நெம்பியவர்கள் வார்ப்பையே விரிசல் விட வைத்திருக்கிறார்கள். சீரிஸ் லேண்ட் ரோவரின் ஸ்பிரிங் ஷேக்கிளும் இப்படித்தான். அதன் உட்பக்கத் தகட்டிலேயே மரை வெட்டியிருக்கிறது. வெளியே இருக்கும் நட்டைக் கழற்றிவிட்டு, போல்ட் சும்மா நிற்கிறது என்று எண்ணிச் சுத்தியலால் அடிப்பவர்கள் அந்தத் தகட்டின் மரையை நாசம் செய்கிறார்கள். நட்டைக் கழற்றிய பிறகு போல்ட்டையும் திருகித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் மரையின் இனம். 1841இல் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரைக்குக் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் செல்லர்ஸ் முன்வைத்ததற்கு 60 பாகை. போரில் இரு நாட்டு உதிரிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948இல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் யூனிஃபைட் மரைக்கு ஒத்துக்கொண்டன. ஆகவே ஜீப்பில் ஒரு வகை, ஆரம்பகால லேண்ட் ரோவரில் இன்னொரு வகை, பின்னால் வந்த லேண்ட் ரோவரில் இரண்டும் கலந்து. 3/8 அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் யூஎன்சிக்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். கோணம் மட்டும் வேறு. ஒன்றில் மற்றதைத் திருகினால் ஏறிவிடும், ஏறி இறுகிவிடும். நம் ஊரில் இதைவிட அதிகம் காண்பது 5/16 அங்குலத் துளையில் ஏற்றிய 8 மில்லி போல்ட். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று, மரையின் இடைவெளி வேறு. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வலுவந்தமாக முறுக்கியிருப்பார்கள். இந்தப் பூட்டு எந்த எண்ணெய்க்கும் இளகாது. கழலும்போது துளையின் மரையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். அப்படி ஒன்று என்று தெரிந்துவிட்டால் துளைக்குப் புது மரை போட வேண்டியிருக்கும் என்பதை அப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பேனரிலும் இதே குழப்பம். 3/4 அங்குல நட்டுக்கு 19 மில்லி ஸ்பேனர் சரியாக உட்காரும்; 19.05தான். 1/2 அங்குல நட் 12.7 மில்லி, அதில் 13 ஆடும். 11/16 அங்குலம் 17.46 மில்லி, அதற்கு 17 ஏறாது, 18 தளரும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் விட்டம், நட்டின் அகலம் அல்ல. 1/4 விட்வொர்த் நட்டின் அகலம் 13.3 மில்லி. மில்லி ஸ்பேனர் மட்டும் வைத்திருக்கும் பட்டறையில் இந்த வண்டிகளின் நட் முனைகள் மழுங்காமல் இருந்தால்தான் அதிசயம். அறுமுக சாக்கெட் முனையில் அழுத்தாமல் பக்கத்தில் அழுத்தும். பன்னிரு முகச் சாக்கெட் முனையைத்தான் கடிக்கும். ஒரு அங்குல செட் வாங்கும் காசு, மழுங்கிய நான்கு நட்டுக்கு வெல்டிங் செய்யும் கூலியைவிடக் குறைவு.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் அசையாதது துருதான். அங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது போல்ட்டின் வலு எவ்வளவு என்பது. முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 12 மில்லி போல்ட் தாங்குவதில் எட்டில் ஒரு பங்கைத்தான் அதே எஃகில் செய்த 6 மில்லி போல்ட் தாங்கும். கைக்குத் தெரியும் வித்தியாசம் அவ்வளவு இருக்காது. அதனால்தான் சின்ன போல்ட்டுகள் மளமளவென்று ஒடிகின்றன. கையில் கிடைக்கும் உணர்வும் பேசும். நட் கிறீச்சென்று சத்தம் போட்டுச் சட்டென நகர்ந்தால் துருவின் பிடி விட்டது என்று பொருள். சத்தமில்லாமல், ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கொண்டே வந்தால் நட் நகரவில்லை, போல்ட்தான் முறுகுகிறது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய்க்காரர்களின் கட்சியை எடுத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் என்று பட்டறைகளில் பழகியவை பல. கடையில் வாங்கும் ஸ்பிரேக்களில் பேர்போன டபிள்யூடி-40 இந்த வேலைக்காகப் பிறந்ததே அல்ல. 1953இல் சான் டியேகோவில் அட்லஸ் ஏவுகணையின் தோலில் துரு ஏறாமல் நீரை விலக்குவதற்காக உருவாக்கியது. நாற்பதாவது முயற்சியில் கூடிவந்தது என்பதால் அந்த எண். துரு ஏறாமல் காப்பதில் கெட்டிக்காரன், ஏறிய துருவுக்குள் ஊடுருவுவதில் சுமார். கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தால் கடைச் சரக்கு எல்லாவற்றையும் மிஞ்சும் என்று 2007இல் ஓர் அமெரிக்கப் பட்டறைப் பத்திரிகையில் வந்த சோதனை காட்டியது. அந்தப் பெயர் இன்றும் ஓடுகிறது. பின்னர் பலர் செய்த சோதனைகளில் அதே வரிசை வரவில்லை. வந்திருந்தால்தான் வியப்பு, ஒரே அளவு துருப்பிடித்த இரண்டு போல்ட்டை யாராலும் தயாரிக்க முடியாது. அந்தக் கலவை சீக்கிரம் பிரிந்துவிடும், குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெட்ரோலைப் போலவே குப்பென்று பிடித்துக்கொள்ளும், பெயிண்டையும் கரைக்கும்.

எந்த எண்ணெய் என்பதைவிட, அது உள்ளே போக வழி இருக்கிறதா, நாம் நேரம் கொடுக்கிறோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. துரு இடைவெளியை முழுக்க அடைத்துவிட்டால் எந்த எண்ணெயும் முதல் மரையைத் தாண்டாது. பின்பக்கம் திறந்த துளையாக இருந்தால் அங்கிருந்து ஊற்றுவது முன்பக்கம் ஊற்றுவதைவிடப் பலமடங்கு மேல். ஒரு வாரம் முன்பே தொடங்கி, தினமும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவருக்கு நெருப்பின் தேவை பாதியாகக் குறையும். துளைக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. அதனாலேயே இது முதலில் வர வேண்டும்.

தட்டு என்பதும் தனி வித்தைதான். போல்ட்டை முறுக்கும்போது நம் விசையில் ஏறக்குறைய பாதி தலையின் அடியில் உராய்வாகப் போகிறது, ஐந்தில் இரண்டு பங்கு மரையில் போகிறது. இழுவிசையாக மாறுவது பத்தில் ஒன்றுதான். கழற்றும்போதும் தலையின் அடிதான் பெரிய எதிரி. தலையின் நடுவில் தட்டையான பஞ்சை வைத்துக் கனமான சுத்தியலால் நேராக அடித்தால் அந்த ஒட்டு விடும், மரையில் உள்ள துருவும் நொறுங்கும். நட் என்றால் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கலாகப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் அடிக்க வேண்டும். லேண்ட் ரோவர் கதவுக் கீல் ஸ்குருக்களுக்குச் சுத்தியலால் அடித்தால் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவருக்கு மிஞ்சியது இல்லை. மின்சார, காற்று இம்பாக்ட் ரெஞ்சுகளும் இதே தத்துவம்தான், ஆனால் 8 மில்லிக்குக் கீழே அவற்றைக் கொண்டுபோகக் கூடாது. கழற்றும் முன் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்துப் பார்ப்பதும் பயன்தரும். துருவின் பிடி எந்தப் பக்கம் விட்டாலும் விட்டதுதான்.

அடுத்தது நெருப்பு. 12 மில்லி நட்டை போல்ட்டைவிட 300 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துளை விரிவது சுமார் 0.04 மில்லி. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் துருவின் நெருக்குதல் நுண்ணளவு இடத்தில்தான் நடக்கிறது; அந்த விரிவு துருவை உடைத்துவிடுகிறது. ஆகவே நட்டைத்தான் சுட வேண்டும், போல்ட்டை அல்ல. வார்ப்பில் திருகிய ஸ்டட் என்றால் இதைத் திருப்பிப் போட்டும் செய்யலாம். ஸ்டட்டைச் சிவக்கச் சுட்டால் அது விரியப் பார்க்கும், சுற்றியுள்ள வார்ப்பு விடாது, ஸ்டட் தனக்குள்ளேயே நசுங்கும். ஆறும்போது அந்த நசுங்கிய அளவோடு சுருங்கி, முன்பைவிட மெலிந்து நிற்கும். ஆறிய பிறகு கழலும் போல்ட்டுகளின் இரகசியம் இதுதான். சூடு தணியும்போது மெழுகுவர்த்தியை மரையின் வாயில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். கெடுதல் இல்லாத பழக்கம். அலுமினியத்தில் எஃகு ஸ்டட் என்றால் சிவக்கச் சுடவே தேவையில்லை, கூடாது. அலுமினியம் எஃகைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். வார்ப்பை 150 பாகை போலச் சூடாக்கினாலே இடைவெளி கிடைக்கும். அலுமினியம் சிவந்து எச்சரிக்கை காட்டாது, உருகித்தான் காட்டும்.

ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். அதை இறக்கி வண்டியைவிட்டு வெளியே கொண்டுபோன பிறகுதான் கேஸ் டார்ச்சைப் பற்ற வைக்க வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, ஏனென்றால் அதில் இருப்பது ஆவி. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சுட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். பழைய போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம், அதன் புகை நுரையீரலைக் கொல்லும். ஸ்டியரிங் கை, நக்கிள், ஸ்பிரிங் இலைகள் ஆகியவற்றைச் சிவக்கச் சுட்டால் அவற்றின் பதம் போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, மலைப்பாதையில் தெரியும். தலையில் மூன்று கோடு போட்ட கிரேடு 5, ஆறு கோடு போட்ட கிரேடு 8 போல்ட்டுகளைச் சுட்டுக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. இந்தப் பயங்களில் பலவற்றைக் குறைப்பது இண்டக்ஷன் சூடாக்கி. நட்டைச் சுற்றிய கம்பிச் சுருளில் மின்சாரம் பாய, நட் மட்டும் சில நொடிகளில் சிவக்கிறது, சுடர் இல்லை. விலை கொஞ்சம் அதிகம்தான். ஒரு முழு வண்டியைப் பிரிக்கிறவருக்கு அது ஆடம்பரம் அல்ல.

சில இடங்களில் இந்தப் பாடெல்லாம் வீண். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கியவை, மறுபடி போட ஏற்றவை அல்ல. கிரைண்டரால் அறுத்து எறிந்துவிட வேண்டியதுதான். ஆனால் ஆக்ஸிலின் எடை ஜாக்கியில் தாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வெளியே தெரியும் நட்டுகளை நட் ஸ்பிளிட்டரால் பிளக்கலாம், உளியாலும் பிளக்கலாம். லேண்ட் ரோவரின் ஸ்பிரிங் போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷின் எஃகு உட்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். தலையைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து சுற்றும், ரப்பர் மட்டும் முறுகும். அங்கே எண்ணெய்க்கு வழியே இல்லை. புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்து ஸ்பிரிங்கை இறக்கி, ரப்பரை நீக்கி, வெளிக்குழாயை ரம்பத்தால் உள்ளிருந்து கீறி மடக்கி எடுப்பதே விரைவு. ரம்பம் சேஸிஸ் குழாயைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே கைத்திறன்.

இனி, ஒடிந்தது. ஹரிக்கேன் இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்டுகள் பிளாக்கில் திருகியவை. அத்தனை வருடச் சூட்டில் காய்ந்தவை. அதில் ஒன்று துளையின் வாயோடு சமமாக ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்து இதற்கு முதல் மருந்து வெல்டிங். ஒடிந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். அதன் மேல், துளை சற்றே சிறிய வாஷர் ஒன்றை வைத்து, மிக் வெல்டரின் கம்பியை ஸ்டட்டின் நடுவில் ஊன்றி, நடுவிலிருந்து விளிம்புக்கு உருக்கி நிரப்ப வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டு நன்றாகப் பிடிக்காது என்பது இங்கே நமக்குச் சாதகம். அலுமினியத்தில் அறவே பிடிக்காது. வாஷரின் மேல் நட்டை வைத்து அதன் உள்வட்டத்தை நிரப்பினால் பிடிக்க ஒரு தலை கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய லாபம், சிவக்கச் சுட்ட ஸ்டட் இப்போது உள்ளே நசுங்கியிருக்கிறது. ஆரஞ்சு நிறம் மங்கி, கருத்து, கை வைக்கத் தக்கதாகும்வரை பொறுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டவர்களின் வெல்டுதான் பிய்ந்து வரும். பிறகு மெழுகோ எண்ணெயோ தொட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னும் அரைக்கால் சுற்று அசைக்கலாம். விளிம்பில் பழுப்புப் பொடி உதிரத் தொடங்கும். கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, மறுபடி எண்ணெய். முதல் தடவை பிய்ந்தாலும் இரண்டாம், மூன்றாம் தடவை வைக்கலாம்; ஒவ்வொரு தடவையும் ஸ்டட் இன்னும் கொஞ்சம் இளகும். துளையின் மரையை ஒரு கருவியும் தொடவில்லை என்பதே இந்த முறையின் மேன்மை.

வெல்டிங் முடியாத இடத்தில் டிரில். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் நிமிடத்தில் தோற்கிறார்கள். ஒடிந்த முகம் மேடுபள்ளம். அதன் மேல் டிரில் வழுக்கி ஓரம் போனால், எஃகை விட்டுப் பக்கத்தில் இருக்கும் மென்மையான வார்ப்பைத் தின்னத் தொடங்கும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் பரிகாரம்தான். முகத்தை அரைத்துச் சமமாக்கி, நடுவைக் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்து, முடிந்தால் லேத்தில் கடைந்த வழிகாட்டிப் புஷ் ஒன்றை மேனிஃபோல்ட் துளையில் செருகி, சிறிய துளையிலிருந்து தொடங்க வேண்டும். இடது சுழற்சி டிரில் நல்ல துணை. குடையும் திசையும் கழற்றும் திசையும் ஒன்றாக இருப்பதால் பாதி வழியில் துண்டு தானே சுற்றி வெளியே வந்துவிடுவது உண்டு. முழு ஆழமும் துளைத்துவிட்டால் ஸ்டட் வெறும் குழாயாகி நெருக்குதல் உள்பக்கமாகத் தளர்ந்துவிடும். மரையின் அடிவரை பெரிதாக்கி, மிச்சச் சுருளைக் கூர்மையான பஞ்சால் உள்பக்கம் மடக்கி உரிக்கலாம். 3/8 அங்குல யூஎன்சி என்றால் 5/16 டிரில்லுக்கு மேல் போகக் கூடாது.

ஈசி-அவுட் என்று கடைகளில் விற்கும் சுருள்கூம்புக் கருவியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கூம்பு வடிவம் உள்ளே இறங்க இறங்க ஒடிந்த துண்டை விரித்து மரையோடு இன்னும் நெருக்கும். நாம் குறைக்க வேண்டியதைக் கூட்டும். அது கடினமான, நொறுங்கும் எஃகு. தலையோடு இருந்தபோதே கழலாத போல்ட்டை அதன் நடுவில் செருகிய மெல்லிய கருவி கழற்றும் என்று நம்ப என்ன காரணம்? இறுக்கம் தளர்ந்து, வேறு காரணத்தால் தலை போன போல்ட்டுக்கு அது சரி. துருவால் ஒடிந்ததற்குப் போட்டால் அதுவும் உள்ளே ஒடியும், அதைச் சாதாரண டிரில் கீறவும் செய்யாது. அப்போது எஞ்சுவது கார்பைடு பர், அல்லது ஸ்பார்க் எரோஷன். மின்பொறியால் எஃகைத் துகள் துகளாக அரிக்கும் அந்த இயந்திரம் அச்சு செய்யும் பட்டறைகளில் இருக்கும். கோவையிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு. மரையைத் தொடாமல் துண்டை எடுத்துத் தருவார்கள். கழற்றிக் கொண்டுபோகக்கூடிய அளவிலான உதிரி என்றால் இதைக் கடைசி வழியாக அல்ல, இரண்டாம் வழியாகவே நினைக்கலாம்.

அலுமினியத்தில் அல்லது பித்தளையில் ஒடிந்த சின்ன எஃகுத் துண்டுக்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: படிகாரம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் பழைய முறை. அடர்ந்த படிகாரக் கரைசலில் உதிரியைப் போட்டு மெல்லச் சுட வைத்தால் எஃகு குமிழ் விட்டுக் கரையும். பித்தளையையும் அலுமினியத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். கார்புரேட்டர் உடலில் ஒடிந்த ஸ்குருவுக்கு இதைவிட மென்மையான வழி இல்லை. நேரம்தான் பிடிக்கும். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஆகாது, அதையும் தின்னும்.

எல்லாம் தவறி மரை போய்விட்டாலும் துளை போய்விடவில்லை. ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையோ, கெட்டியான குழாய் மரையோ போட்டுப் பழைய அளவுக்கே மீட்கலாம். அலுமினியத்தில் இது மூல மரையைவிட உறுதியாகவும் இருக்கும்.

நான் வைத்த அளவுகோலுக்கு ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஃபோர்டு தன் ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் பாகங்களில் மட்டுமல்ல, போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. வில்லிஸிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட வண்டியில் போல்ட்டும் துளையைப் போலவே திரும்பக் கிடைக்காத பொருள். அங்கே கிரைண்டரும் வெல்டரும் எடுக்கும் முன் ஒரு மாதம் எண்ணெயில் ஊற விடுவதற்கும், நட்டைப் பலி கொடுத்து போல்ட்டைக் காப்பதற்கும் நியாயம் இருக்கிறது. மகிந்திராவின் 1970, 80களின் ஜீப்புக்கு அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

திரும்பப் பூட்டும்போதுதான் பெரிய கருத்து வேறுபாடு. மரைக்குப் பூசும் ஆன்ட்டி-சீஸ் பசை உராய்வைக் குறைக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் உலர்ந்த மரைக்கானது என்றால் கால் பங்கு அளவுக்குக் குறைத்துத்தான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் நீண்டுவிடும். செம்பு கலந்த பசை எக்ஸாஸ்ட்டுக்குச் சரி, அலுமினியத்துக்குச் சரியல்ல. செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் எஃகைவிட மோசமான மின்கலம். எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போடுவது பழைய பழக்கம், இன்றைக்கும் அதுவே சிறந்தது.

லேண்ட் ரோவர் உடலுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா என்பதில் இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. உலோக வரிசையில் ஸ்டெயின்லெஸ், அலுமினியத்திலிருந்து சாதாரண எஃகைவிடத் தள்ளி இருக்கிறது, ஆகவே அரிப்பு கூடும் என்பது ஒரு தரப்பு. போல்ட்டின் பரப்பு சிறிது, தகட்டின் பரப்பு பெரிது, அரிப்பு பரவி மெலிந்துவிடும் என்பது மறு தரப்பு. உலர்ந்த ஊரில் இரண்டாம் தரப்பு சரியாகவே வருகிறது. கடலோரத்தில் போல்ட்டைச் சுற்றிய வளையத்தில்தான் உப்பீரம் தங்கும். அங்கே அரிப்பு பரவாது, அந்த வளையத்தையே தின்னும். நைலான் வாஷரும் இடையில் டுராலாக் போன்ற காப்புப் பசையும் இருந்தால் உடல் தகடுகளுக்கு ஸ்டெயின்லெஸ் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் ஆகியவற்றுக்குப் போடவே கூடாது. கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகம் 8.8 எஃகைவிட வலு குறைந்தது. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உலர்வாக முறுக்கும்போது மரை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, துருவே இல்லாமல் ஜாம் ஆகும். அந்த இடங்களுக்குத் துத்தநாகப் பூச்சு போட்ட, தலையில் கிரேடு குறித்த எஃகு போல்ட்டும், மரையில் கொஞ்சம் கிரீஸும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பதும் போதும்.